ஆறு நாள் விரதம், ஏழாம் நாள் பாறணை

திங்கட்கிழமைகளில் ஐந்தரைக்கே எழும்பிவிடுவேன். வீட்டில் மற்றவர்கள் எழும்ப முன்னர் நிறை பார்க்கும் மெஷினைக் குளியலறை வாசலில் வைத்து, காப்பு, தலைக் கிளிப் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஏறி நிற்பேன். எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி அதிரும். அந்த அதிர்வில்தான் இலக்கம் கூடிவிட்டதோ என்று, ரயில் போய் முடியும்வரை காத்திருந்து திரும்ப ஏறிய நாட்களும் உண்டு. சனிக்கிழமை 76.2 காட்டிய மெஷின் திங்கட்கிழமை 78 காட்டும். இறங்கி, வேறு டைலில் வைத்து ஏறுவேன். 78.1. ஆறு நாள் கலோரி எண்ணிச் சாப்பிட்டு, ஞாயிறன்று கணக்கில்லாமல் சாப்பிடும் ஒரு நிறை குறைப்புத் திட்டத்தில் எட்டு மாதம் இப்படிப் போனது. வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யாராவது ஒரு கொப்பித் தாளில் பத்து வரி கணக்குப் போட்டுக் காட்டியிருந்தால் எனக்குப் போதுமாயிருந்திருக்கும். அந்தப் பத்து வரியைத்தான் இங்கே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

தொடங்கியது 2023 தைப்பொங்கல் கழிந்த கையோடு. எனக்கு அப்போது 41 வயது, உயரம் 157 சென்டிமீட்டர், நிறை 78.4 கிலோ. கொள்ளுப்பிட்டியில் ஒரு நிறுவனத்தில் கணக்கு வேலை. காலை எட்டரையிலிருந்து ஐந்து மணிவரை கதிரைதான். ஒபிஸில் எல்லோருக்கும் எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெறும் வயிற்றுச் சீனி 112 என்று வந்தது. நூறுக்குக் கீழே இருக்க வேண்டியது, 126 ஆனால் சீனி வருத்தம் என்றே எழுதிவிடுவார்கள், நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள் என்றார் டொக்டர். நிறையில் ஐந்து, ஆறு கிலோ குறைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும் என்றும் சொன்னார். அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் சீனி வருத்தம் இருந்தது. பெரியம்மாவின் காலில் ஒரு விரலை எடுத்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பயந்துவிட்டேன். பயந்தவரிடம் காசு வாங்குவது சுலபம்.

வட்ஸ்அப்பில் நிறை குறைப்பு வகுப்பு நடத்தும் ஒருவரிடம் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். மூன்று மாதத்துக்கு 36,000 ரூபா. திட்டம் இதுதான்: திங்கள் முதல் சனி வரை ஒரு நாளைக்கு 1,300 கலோரி, வாயில் வைப்பதையெல்லாம் ஆப்பில் பதிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ‘சீட் டே’. அன்று ஆப்பைத் திறக்கவே கூடாது, விரும்பியதை விரும்பிய அளவுக்குச் சாப்பிடலாம். “உடம்புக்கு ஒரு ஷொக் குடுத்தால்தான் கொழுப்புக் கரையும்” என்று குரல் பதிவு அனுப்புவார். எனக்கு அது வேதவாக்கு. பிறகு படித்துப் பார்த்தால், சாப்பிட்டதைச் செரிக்க உடம்பு செலவழிப்பது சாப்பிட்டதில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். ஆயிரம் கலோரி மேலதிகமாகச் சாப்பிட்டால் நூறு செரிக்கவே போகும், சரி. மிச்சம் தொள்ளாயிரம் எங்கே போகும்? மாதம் முடிய ஐந்து ரூபா இடித்தால்கூட ஒபிஸை விட்டு எழும்பாதவள் நான். அந்தக் கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

முதல் நாலு கிழமையில் 78.4 ஆக இருந்தது 75.9 ஆகிவிட்டது. ஒபிஸில் எல்லோரும் கேட்டார்கள், என்ன செய்தனீங்கள் என்று. பெருமை தாங்கவில்லை. தையல் அக்காவிடம் மூன்று பிளவுஸைக் கொடுத்து இடுப்பில் பிடித்து எடுத்தேன். சாப்பாட்டை, முக்கியமாகச் சோற்றையும் பாணையும், திடீரென்று குறைத்தால் உடம்பு சேமித்து வைத்திருக்கும் மாச்சத்து முதலில் கரையும், அதோடு ஒட்டியிருக்கும் தண்ணீரும் போகும் என்று எனக்கு அப்போது தெரியாது. ஒரு கிராம் மாச்சத்து ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த இரண்டரைக் கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். செப்டம்பரில் அதே மூன்று பிளவுஸையும் அதே அக்காவிடம் கொண்டுபோய்ப் பிரித்துத் தரச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. தையலைப் பிரித்து, இஸ்திரி போட்டு, காசும் வேண்டாம் என்றுவிட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எப்படி வளர்ந்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதல் ஞாயிறு மத்தியானம் ஒரு கோழிப் புரியாணி, அவ்வளவுதான். இரண்டாம் ஞாயிறு அதோடு வட்டிலாப்பம். மூன்றாவதில் காலையில் அப்பமும் சேர்ந்தது. சித்திரை மாதம் வரும்போது ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பட்டியலே இருந்தது. வியாழக்கிழமை ஒபிஸில் கணக்குச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே போனில் எழுதுவேன்: அப்பம், புரியாணி, ரோல்ஸ், கொத்து. பிறகு அது சனிக்கிழமை இரவே தொடங்கிவிட்டது, “பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஞாயிறுதானே” என்ற நியாயத்தில். திங்கள் காலை குளிர்சாதனப் பெட்டியில் மிச்சக் கொத்து கிடந்தால், எறிவதா என்று அதையும். இந்த ஆறு நாளும் எனக்குச் சாப்பாடு ருசிக்கவில்லை. ஏழாம் நாள் ருசித்ததா என்று கேட்டால் அதுவும் இல்லை. நேரம் போய்விடும் என்ற அவதியில் விழுங்கியதுதான். ஞாயிறு இரவு பத்தரைக்கு, வயிறு முட்டி மூச்சு எடுக்க முடியாத நேரத்தில், இனி ஒரு கிழமைக்குக் கிடைக்காதே என்று மகள் வைத்துவிட்டுப் போன ஐஸ்கிறீமை முடித்திருக்கிறேன்.

அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆனி மாதமளவில் கிழமை நாட்களிலும் கை தவறத் தொடங்கியது. வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கி, காலி வீதியில் ஒரு பேக்கரியில் இரண்டு மீன் ரோல்ஸ் வாங்கி, மரைன் டிரைவுக்கு இறங்கி, ஒரு கட்டின் மேல் குந்தியிருந்து, கடலைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். தெரிந்தவர்கள் யாரும் நடக்க வருகிறார்களா என்று ஒரு கண் பாதையில். வெள்ளவத்தையில் தெரிந்தவர் வராமல் இருப்பார்களா! பையை மடித்துக் கைப்பைக்குள் வைத்து, வாயைத் துடைத்து, வீட்டுக்குப் போய் “எனக்கு இரவுக்கு சூப் போதும்” என்பேன். ஆப்பில் அந்த இரண்டு ரோல்ஸும் இல்லை. ஆப்பை ஏமாற்றி எனக்கு என்ன லாபம் என்று இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது சிரிக்கவில்லை. படுக்கையில் திரும்பிப் படுத்து அழுதேன், பக்கத்தில் இவருக்குத் தெரியாமல்.

திங்கட்கிழமைக் கதை இன்னும் மோசம். மெஷின் 1.8 கிலோ கூட்டிக் காட்டினால், அன்று முழுக்கத் தண்டனை. காலை வெறும் பிளேன்டீ, மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், இரவு சூப். எல்லாம் சேர்த்து ஐந்நூறு, அறுநூறு கலோரி. ஆடி மாதம் ஒரு திங்கள், 100ஆம் இலக்க பஸ்ஸில் நின்றுகொண்டு போனேன். பம்பலப்பிட்டி தாண்டும்போது காது அடைத்தது, கண் இருண்டது. விழித்துப் பார்த்தால் முன் ஆசனத்தில் ஒரு சிங்கள அம்மாவின் தோளில் என் தலை. கொண்டக்டர் எங்கிருந்தோ ஒரு சீனி டொபி எடுத்து நீட்டினார். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இந்த டொபியில் எத்தனை கலோரி இருக்கும் என்று. அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தேன், இது நல்லதற்கில்லை என்று.

அன்று அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாமி மட்டும்தான் வீட்டில். நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, சோற்றுக்கஞ்சி வைத்துத் தந்தார். நான் குடிக்கும்வரை எதிரே இருந்தார். மாமி கந்தசஷ்டி தவறாமல் பிடிப்பவர். ஆறு நாளும் ஒரு நேரம் பால், பழம், இளநீர். ஏழாம் நாள் காலை கோயிலுக்குப் போய் வந்து பாறணை. பாறணையும் பெரிய விருந்தில்லை, கொஞ்சச் சோறு, பருப்பு, அகத்திக்கீரை. வயிறு காய்ந்திருக்கும்போது மெதுவாகத்தான் தொடங்க வேண்டும் என்பார். கோப்பையை வாங்கும்போது மெல்லச் சொன்னார்: “நாங்கள் வருசத்தில ஒருக்கால் முருகனுக்குப் பிடிக்கிறம். நீ கிழமைக்குக் கிழமை பிடிக்கிறாய். ஆருக்குப் பிடிக்கிறாய் பிள்ளை?” ஞாயிறுகளில் நான் சாப்பிட்டதையும் திங்களில் சாப்பிடாததையும் அவர் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்!

உடனே திருந்திவிட்டேன் என்று சொன்னால் பொய். இரண்டாம் முறையும் 36,000 கட்டியிருந்தேனே, அது முடியும்வரை இழுத்தேன். செப்டம்பரில் பிளவுஸ் பிரித்த கிழமைதான் கொப்பியும் பேனாவுமாக மேசையில் இருந்தேன், ஒபிஸில் இருப்பது போல. முதலில் என் உடம்புக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை? அதற்கு மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது, 1990இல் வந்தது. பெண்ணுக்கு: நிறையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி, பிறகு 161ஐக் கழி. ஆணுக்கு 161ஐக் கழிப்பதற்குப் பதிலாக ஐந்தைக் கூட்ட வேண்டும். எனக்கு 1,400 அளவில் வந்தது. அது சும்மா கிடந்தாலே தேவைப்படுவது. நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் ஆளுக்கு அதை 1.2ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 1,700. அப்படியானால் 1,300 சாப்பிட்ட நாளில் நான் மிச்சம் பிடித்தது 400. ஆறு நாளுக்கு 2,400.

இனி ஞாயிறு. ஒரு வழமையான ஞாயிறை எடுத்து ஒவ்வொன்றாக எழுதினேன். காலை மூன்று அப்பமும் ஒரு முட்டை அப்பமும் கட்டைச் சம்பலோடு, 600. புரியாணி, 1,100. வட்டிலாப்பம் ஒரு கப், 300. பின்னேரம் ரோல்ஸ் இரண்டு, 500. டின்பால் தேத்தண்ணி, 150. இரவு சீஸ் போட்ட கோழிக் கொத்து, பெரியதில் பாதிக்கும் மேலே, 1,200. ஒரு போத்தல் சோடா, 180. கூட்டினால் 4,030. அதில் அன்றைய தேவை 1,700ஐக் கழித்தால் 2,330 மேலதிகம். ஆறு நாள் பட்டினியில் பிடித்த 2,400இல் 2,330 போக மிச்சம் 70. எழுபது கலோரி என்றால் ஒரு சின்னக் கதலி வாழைப்பழம். ஒரு கிழமை முழுக்க வெள்ளரிக்காயும் சூப்புமாகக் கிடந்து நான் சம்பாதித்தது ஒரு வாழைப்பழம். பேனாவை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு மாதத்தில் 78.4 இலிருந்து 77.1க்கு வந்திருக்கிறேன் என்றால் அது திங்கட்கிழமைப் பட்டினியின் புண்ணியம், வேறொன்றுமில்லை. இந்தக் கடை உணவுகளின் கணக்கு என் மதிப்பீடுதான். கடைக்குக் கடை எண்ணெயும் அளவும் மாறும். ஆப்பில் கொத்து ரொட்டி என்று தேடினால் 400இலிருந்து 1,100 வரை ஆளுக்காள் ஒன்று பதிந்து வைத்திருக்கிறார்கள். நான் இயல்பாகவே 400ஐத்தான் தெரிவு செய்வேன். நீங்களும் அப்படித்தான் செய்வீர்கள். அதனால் கடைச் சாப்பாடு என்றால் இருப்பதில் கூடியதை எடுங்கள்.

கிழமை நாள் கணக்கும் சுத்தமில்லை என்று அப்புறம் தெரிந்தது. சமையல் தராசு ஒன்று 3,500 ரூபாவுக்கு வாங்கினேன். இந்தக் கதையில் வீண் போகாத ஒரே காசு அதுதான். சொதியை நான் “மரக்கறி சூப், 40 கலோரி” என்று பதிந்து வந்திருந்தேன்! அதற்கு ஊற்றும் தேங்காய் முதற்பால் நூறு மில்லிலீட்டரில் 200க்கு மேலே இருக்கிறது. தேங்காய்த் துருவல் நூறு கிராமில் 350. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120, அது நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒன்றுதான். சோற்றில் இன்னொரு பிழை: அரிசியாக நூறு கிராமில் 360 அளவு, சோறாக நூறு கிராமில் 130 அளவு. சில நாள் அரிசியை நிறுத்துவிட்டுச் சோற்றின் கணக்கைப் பதிந்திருக்கிறேன். சம்பலுக்குத் துருவிய தேங்காயைத் தராசில் வைத்தபோது மாமி எட்டிப் பார்த்தார். “தங்கமோ நிறுக்கிறாய்?” என்றார். அடுத்த நாளிலிருந்து அரைத் தேங்காய்க்குப் பதிலாகக் கால் மூடியோடு நிறுத்திக்கொண்டு, வெங்காயமும் மாசியும் கூட்டிப் போட்டார். நான் கேட்கவில்லை. ருசி குறையவுமில்லை.

காசுக் கணக்கையும் அன்றே எழுதினேன். வகுப்புக்கு இரண்டு முறை, 72,000. ஒரு வருட ஜிம் கட்டணம் 48,000. போனது 23 நாள். ஆகப் போன நாளுக்குப் பார்த்தால் ஒரு நாள் வியர்வை இரண்டாயிரத்துக்கு மேல். கொழுப்புக் கரைக்கும் தூள் என்று ஒரு டப்பா 9,500. அதைக் குடித்தால் வயிற்றால் போனது தவிர ஒன்றும் கரையவில்லை. மொத்தம் 1,29,500. இதில் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுச் செலவு இல்லை. வெளியே வாங்கியது கிழமைக்கு நாலாயிரத்துக்குக் குறையாது, முப்பது கிழமைக்கு மேல். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எல்லா விலையும் ஏறியிருந்த வருடத்தில், மகளின் டியூஷன் காசை மாதம் முடியப் பார்த்துப் பார்த்துக் கட்டிக்கொண்டு, இதை நான் செய்திருக்கிறேன். இவருக்குச் சொன்னபோது கோபிப்பார் என்று நினைத்தேன். “என்னப்பா, எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே” என்றார். அதற்குக் கோபித்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமையை நான் விடவில்லை. விடத் தேவையில்லை என்பதுதான் நான் கண்டது. நாளைக்கு நாள் பார்த்த கணக்கைக் கிழமைக் கணக்காக மாற்றினேன். தேவை ஒரு நாளைக்கு 1,700 என்றால் கிழமைக்கு 11,900. அதில் 2,100 குறைத்து 9,800 என்று வைத்தேன். ஆறு நாள் 1,350 வீதம் 8,100. ஏழாம் நாளுக்கு மிஞ்சுவது 1,700. அதாவது விசேஷ நாளில் உடம்புக்குத் தேவையான முழு அளவும் சாப்பிடலாம். 1,700இல் ஒரு நல்ல புரியாணியும் அடங்கும், காலையும் இரவும் இலேசாகச் சாப்பிடவும் இடம் இருக்கும். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்று கணக்கு. 2,100 என்றால் கிழமைக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல். மெதுவாகத்தான் போகும். வகுப்புக்காரர் கேட்டால் சிரிப்பார். ஆனால் எட்டு மாதத்தில் 1.3 கிலோ இறக்கியவளுக்கு இது ரொக்கட் வேகம்.

நாள் என்பதை நேரம் என்று ஆக்கினதுதான் எனக்கு மிகவும் உதவியது. ஒரு நாள் முழுக்க அல்ல, ஒரு நேரச் சாப்பாடு. அந்த ஒன்றைச் சாப்பிட முன்னர் பட்டினி கிடப்பதில்லை. காலையில் முட்டையோ கடலையோ சாப்பிட்டுவிட்டுத்தான் மத்தியானம் புரியாணிக்கு இருப்பேன். காய்ந்த வயிற்றோடு போனால் கை எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. இயன்றவரை கடையிலேயே இருந்து சாப்பிடுவோம். வீட்டுக்கு வந்த பார்சல் இரவும் கூப்பிடும், மறுநாளும் கூப்பிடும். கொத்து என்றால் ஒன்றை இரண்டு பிளேட்டாகப் பிரிக்கச் சொன்னால் பிரித்துத் தருகிறார்கள், நானும் இவரும். சோடாவை விட்டுவிட்டேன், அதில் எனக்குப் பெரிய ஆசையும் இருந்ததில்லை என்று விட்ட பிறகுதான் தெரிந்தது. 2016இலிருந்து இங்கே மென்பானப் போத்தல்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் போடுகிறார்கள். நூறு மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு. எத்தனை வருடம் அந்த வட்டத்தைப் பார்க்காமலே மூடியைத் திறந்திருக்கிறேன். ‘சீட்’ என்ற சொல்லையும் விட்டேன். மகள் ஒருநாள் கேட்டாள், “அம்மா, நீங்கள் ஆரைச் சீட் பண்ணுறீங்கள்?” பத்து வயதுப் பிள்ளையின் காதில் சாப்பாடு களவு போல விழுந்திருக்கிறதே என்று நெஞ்சு திடுக்கிட்டது.

இன்னொன்று, ஞாயிறு என்று கிழமையைக் குறித்து வைப்பது கொழும்புக்குச் சரிவராது. எங்கள் மாடிக் கட்டடத்தையே எடுங்கள். கீழ்வீட்டு முஸ்லிம் அக்கா பெருநாளுக்குப் புரியாணிச் சட்டியும் வட்டிலாப்பமும் அனுப்புவார். ஏப்ரலில் எதிர்வீட்டுச் சிங்கள அன்ரி கவும், கொக்கிஸ், பால்சோறு கொண்டு வருவார். டிசம்பரில் நாலாம் மாடியிலிருந்து கிறிஸ்மஸ் கேக் வரும். எங்கள் பக்கம் பொங்கல், தீபாவளி, ஆடிவேல், கல்யாணங்கள், பூப்புனித நீராட்டு விழாக்கள். பழைய திட்டத்தில் புதன்கிழமை பெருநாள் வந்தால் நான் தட்டை மூடி வைத்துவிட்டு ஞாயிறுவரை அதை நினைத்துக்கொண்டிருப்பேன், ஞாயிறன்று அதற்கும் சேர்த்து வட்டி போட்டுச் சாப்பிடுவேன். இப்போது பெருநாள் புதன் என்றால் அந்தக் கிழமையின் விசேஷ நேரம் புதன். ஞாயிறு வீட்டுச் சோறு. ஒரே கிழமையில் கல்யாணமும் பிறந்தநாளும் வந்தால் முந்திய நாட்களில் நூறு நூறாகக் கொஞ்சம் சேர்த்து வைப்பேன். கூடிவிட்டால் கூடியதுதான். பிறகு பட்டினி கிடந்து கடன் அடைப்பதில்லை. அடுத்த நாள் வழமையான 1,350தான். இதில் மட்டும் நான் கல்லு. பஸ்ஸில் விழுந்த திங்கள் எனக்கு மறக்காது.

திங்கட்கிழமை மெஷினில் ஏறுவதையும் நிறுத்திவிட்டேன். அந்த 1.8 கிலோ கொழுப்பாக இருக்கவே முடியாது என்று கணக்கே சொல்கிறது: 2,330ஐ 7,700ஆல் பிரித்தால் 300 கிராம்தான். மிச்சமெல்லாம் கொத்தின் உப்பும் ரொட்டியின் மாச்சத்தும் பிடித்து வைத்த தண்ணீர், வயிற்றில் இன்னும் கிடக்கும் சாப்பாடு. இரண்டு மூன்று நாளில் தானாகப் போய்விடும். இதைத் தெரியாமல் எத்தனை திங்கள் என்னை நானே திட்டியிருக்கிறேன். இப்போது வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் பார்த்துச் சராசரி எழுதுகிறேன். மாதவிடாய் வரும் கிழமையில் பார்ப்பதில்லை, அப்போது ஒரு கிலோ சும்மா ஏறி இறங்கும். நிறை குறையக் குறையத் தேவையும் குறையும் என்பதால் நாலு கிலோவுக்கு ஒருமுறை சூத்திரத்தைத் திரும்பப் போட வேண்டும். இதை மறந்துவிட்டு 2024 மாசியில் ஆறு கிழமை ஒரே இலக்கத்தில் நின்றேன்.

சீனிக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் இந்தக் குறைப்பு வேலையை டொக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். சில மருந்துகளோடு ஒரு நேரம் சாப்பிடாமல் விட்டாலே சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.  அதோடு, ஒளித்துச் சாப்பிடுவது, நிறுத்த முடியாமல் சாப்பிடுவது, பிறகு வெட்கத்தில் பட்டினி கிடப்பது என்று நான் மரைன் டிரைவில் இருந்து செய்தது உங்களுக்கும் நடந்தால், அது வாய்க்கட்டுப்பாடு இல்லாத குறை என்று நினைக்காதீர்கள். அதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. நான் கடைசியில் ஒரு மனநல வைத்தியரிடம் மூன்று முறை போனேன். கலோரி ஆப்பை இரண்டு மாதம் மூடி வைக்கச் சொன்னார், வைத்தேன். வைத்தியரிடம் நேரே போகத் தயக்கம் என்றால் 1926க்கு எடுத்துக் கதைக்கலாம், மனநல உதவிக்கான அரச இலக்கம் அது.

2024 ஆடியில் 70.2. வெறும் வயிற்றுச் சீனி 97. நிறை பார்க்கும் மெஷின் இப்போது பழுது. கடல் காற்றில் பற்றரி வைக்கும் இடம் கறள் கட்டிப்போய், ஏறினால் சில நாள் இலக்கம் வராது. இவர் புதிது வாங்குவோம் என்கிறார், மாத முடிவில் பார்ப்போம் என்றிருக்கிறேன். மீன் ரோல்ஸ் வாங்குவதை விடவில்லை, அதே பேக்கரிதான். ஆனால் நாலாக வாங்கி வீட்டுக்குக் கொண்டு வருகிறேன். மாமி தன்னுடையதைக் கத்தியால் இரண்டாக வெட்டி, “எனக்கு இது போதும்” என்று மறுபாதியை மகளின் பக்கம் தள்ளுவார். தேத்தண்ணி ஆற முதல் தட்டு காலியாகிவிடும்.